நடுப்பார்வை போன பிறகு: மேக்குலா பாதித்தவருக்கு வீட்டை மாற்றி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கூடத்து மூலையில் பல்லி ஓடினால் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பவர் என் மாமியார். எதிரில் வந்து நின்று "என்னக்கா, சாப்டாச்சா?" என்று கேட்கிறவரை "யாருப்பா நீ?" என்று கேட்பவரும் அவரேதான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு இந்தக் கணக்கு புரியவே இல்லை. "கண்ணு தெரியாதாம், பல்லி மட்டும் தெரியுதாம்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். உண்மையைச் சொன்னால் முதல் ஆறு மாதம் எனக்கும் சந்தேகம்தான்.

அத்தைக்கு வயது 74. இரண்டு கண்ணிலும் மேக்குலா சிதைவு. இங்கே பலரும் "கண் நரம்பு தேய்ஞ்சு போச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான் மருத்துவர் இல்லை. ஆனால் வீட்டைத் தலைகீழாக்கி, பாதியைத் தப்பாகச் செய்து, திருத்திச் செய்தவள். அந்த வரிசையில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எது போகிறது, எது மிஞ்சுகிறது

கண்ணுக்குள் பின்சுவரில் இருப்பது விழித்திரை. அதன் நடுவில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம் மேக்குலா. எழுத்து படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகத்தை அடையாளம் காண்பது, சட்டையின் நிறம் பிரிப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அது கெட்டால் நேராகப் பார்ப்பது மங்கும், வளையும், கடைசியில் நடுவில் ஒரு சாம்பல் திட்டு உட்கார்ந்துவிடும். சுற்றிலும் உள்ள ஓரப்பார்வை அப்படியே இருக்கும். பல்லி தெரிவது அதனால்தான். இந்த நோயால் மட்டும் கண் முழு இருட்டாகிவிடாது. இதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு ஒரேயடியா இருட்டிடுமோ" என்ற பயத்தில் அத்தை பல இரவு தூங்கவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

இதில் இரண்டு வகை. உலர் வகைதான் அதிகம், வருடக்கணக்கில் மெதுவாகத் தேயும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் கோணல்மாணலாகப் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். சில நாட்களிலேயே பார்வையைக் கவிழ்த்துவிடும். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி உண்டு. முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு மருத்துவர் இடைவெளி கூட்டுவார். ஊசி பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான். "போட்டும் ஒண்ணும் தெளியலையே" என்று நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் இழக்கிறார்கள்.

புரை வேறு, இது வேறு. புரையை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் தெளிவாகும். இதற்குக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை. நாங்கள் ஒரு கண்ணாடிக் கடையில் மூன்று முறை பவர் மாற்றிக் காசைக் கரைத்த பிறகுதான் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் சோதனைக்குப் போனோம். கண்ணாடி போட்டும் நேர்கோடு வளைந்து தெரிந்தால் கடைக்குப் போகாதீர்கள், விழித்திரை மருத்துவரிடம் போங்கள். கடலூர்க்காரர்களுக்குப் பாண்டி பஸ்ஸில் தவளக்குப்பத்தில் இறங்கினால் அரவிந்த் கண் மருத்துவமனை. அதைத் தாண்டிப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் உலர் வகையா ஈர வகையா என்று தெரிந்துவிடும்.

படி 1: வாரம் ஒருமுறை கட்டம் பார்ப்பது

ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒரு தாள் தருவார்கள். 10 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு நெளிகிறதா, கட்டம் காணாமல் போகிறதா? அடுத்து மறு கண். தாள் தொலைந்துவிட்டால் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதுதான் முக்கியம். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். எங்கள் வீட்டில் முதல் அடையாளம் கோலத்தில் வந்தது. 15 புள்ளிச் சிக்குக்கோலத்தில் நடுவரிசையில் ஒரு புள்ளி விடுபட்டுக்கொண்டே இருந்தது. "மாவு சரியா விழல" என்றார் அத்தை. மாவு சரியாகத்தான் விழுந்திருந்தது.

நெளிவு புதிதாக வந்தாலோ, இருந்த நெளிவு கூடினாலோ ஓரிரு நாளில் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பொங்கல் முடியட்டும், பேத்தி சடங்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இந்த நோய்க்கு வைட்டமின் மாத்திரையைச் சோதித்த ஏரெட்ஸ் 2 என்ற ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. அதில் வந்த கலவை: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட், லூட்டீன் 10, சியாசாந்தின் 2, துத்தநாகம் 80, தாமிரம் 2 மில்லிகிராம். நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். போன பார்வையைத் திருப்பித் தராது. ஆரம்ப நிலையில் இருப்பவர் வாங்கி விழுங்குவதால் பயனில்லை. மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மாத்திரையைவிட அதை விடுவதுதான் பெரிய மருந்து.

படி 2: ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து எழுதுவது

நான் செய்த பெரிய தப்பு, அத்தை கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கியது. "நீங்க உக்காருங்க அத்த, நான் பாத்துக்கறேன்." இரண்டே மாதத்தில் அவர் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். பிறகுதான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி: இதற்கு நடுப்பார்வை வேண்டுமா?

துணி மடிக்க, பாத்திரம் தேய்க்க, கீரை ஆய, தேங்காய் துருவ, மாவு கரைக்க, வீட்டுக்குள் நடக்க நடுப்பார்வை வேண்டாம். கைக்கும் ஓரப்பார்வைக்கும் தெரிந்த வேலைகள் அவை. அரிசியில் கல் பொறுக்க, மாத்திரை பிரிக்க, அடுப்பின் தணலைப் பார்க்க, மீன் முள் எடுக்க, நோட்டு எண்ண அது வேண்டும். மாற்ற வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலை மட்டும்தான். முதல் பட்டியலில் கை வைக்காதீர்கள்.

படி 3: கண்ணைத் தள்ளிப் பார்க்கப் பழக்குவது

எதிரில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் முகத்தைக் கடிகாரமாக நினைக்கச் சொல்லுங்கள். நெற்றிக்கு மேல் 12, தாடைக்குக் கீழ் 6. முதலில் 12-ஐப் பார்க்கச் சொல்லி, "இப்ப என் மூக்கு தெரியுதா?" என்று கேளுங்கள். பிறகு 1, 2, 3 என்று சுற்றி வாருங்கள். ஏதோ ஒரு மணியைப் பார்க்கும்போது மூக்கும் வாயும் சட்டென்று வெளிவரும். அத்தைக்கு அது 2 மணி. அன்று அவர் சொன்னது: "ஏம்மா, இம்மாம் எளச்சிட்டியா நீ?"

அந்தத் திசையை வைத்துத் தினம் பத்து நிமிடம் பழக வேண்டும். முதலில் முகம், பிறகு தினசரி காலண்டரின் பெரிய தேதி, பிறகு செய்தித்தாள் தலைப்பு. பல வாரம் பிடிக்கும், கண் அசந்துபோகும், கோபம் வரும். லோ விஷன் கிளினிக் என்ற தனிப்பிரிவு இருக்கும் மருத்துவமனையில் இதை முறையாகவே சொல்லித் தருவார்கள். வீட்டார் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: அவர் உங்கள் தோளைப் பார்த்துப் பேசினால் அப்போதுதான் உங்களை நன்றாகப் பார்க்கிறார். "என்னப் பாத்துப் பேசுங்க" என்று அதட்டாதீர்கள்.

படி 4: வெளிச்சம்

கூடத்துக்கு இன்னொரு டியூப் லைட் போடுவது எல்லாருக்கும் தோன்றும் வழி, பெரிய பலனில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு விளக்கு இறங்கி வர வேண்டும். பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். கழுத்து வளையும் எல்.இ.டி. மேசை விளக்கு ஒன்று, கண்ணுக்கு அடிக்காமல் தோளுக்குப் பின்னாலிருந்து வேலையின்மேல் விழும்படி வையுங்கள்.

கண் கூச்சம் அடுத்த தொல்லை. எவர்சில்வர் பாத்திரம், பளபளக்கும் டைல்ஸ், ஜன்னலுக்கு எதிர்நாற்காலி மூன்றும் கண்ணைக் குத்தும். நாற்காலியைத் திருப்பி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டோம், பாதித் தொல்லை போனது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கண் பழக நேரமாகும். வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

படி 5: சமையலறை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சண்டை எல்லாம் இங்கேதான் நடக்கும்.

முதல் விதி நிறத்தை மோதவிடுவது. வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்துக் கொடுத்தேன். அத்தை தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு "எங்கம்மா இட்லி?" என்றார். வாழையிலையில் வைத்ததும் நாலு இட்லியும் தெரிந்தன. தினம் இலைக்கு எங்கே போவது? அடர்பச்சை மெலமைன் தட்டு இரண்டு வாங்கினோம். அதேபோல வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை, கத்தரிக்காய்க்கு வெள்ளைப் பலகை. அரிசியைக் கறுப்புத் தட்டில் பரப்பினால் நெல்லும் உமியும் ஓரளவு தெரியும். வெள்ளைக்கல்லைத் தேடும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடுப்பு. காஸ் திருகியின் 'ஆஃப்', 'சிம்' இருக்கும் இடங்களில் எம்-சீல் உருண்டையை மிளகு அளவு ஒட்டிக் காயவிட்டோம். விரல் வைத்தாலே தெரிகிறது. அதற்கு முன் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். ஒரே வாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் நழுவி சாம்பாரில் விழுந்தது. அடுப்பருகே போகும்போது முந்தானையை இடுப்பில் செருகுவது கட்டாயம். கொதிப்பதைப் பக்கத்து அடுப்புக்கு மாற்றாமல் அங்கேயே அணைத்துவிட்டு, ஆறிய பிறகு தூக்குவதும்தான்.

மூன்றாவது, ஊற்றுவது. ஆறிய தண்ணீர் என்றால் டம்ளர் விளிம்பில் விரலை உள்ளே மடக்கி வைத்து ஊற்றலாம். சூடான காபிக்கு அது கூடாது. ஒரு டம்ளருக்கு எத்தனை கரண்டி என்று எண்ணி ஊற்றுவதுதான் பத்திரம். அத்தைக்கு மூன்றரைக் கரண்டி. பால் பொங்குவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. சட்டிக்குள் ஒரு சின்னப் பீங்கான் தட்டைப் போட்டு வையுங்கள், கொதி வரும்போது தடதடக்கும்.

நான்காவது, டப்பா. பெயர் எழுதி ஒட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. உப்பு பீங்கான் ஜாடியில், சர்க்கரை பிளாஸ்டிக் டப்பாவில், சோடா உப்பு அந்த அறையிலேயே இல்லாமல். கடைசியாகச் சொன்னதை நாங்கள் ஒரு கெட்டுப்போன பாயசத்தில் கற்றோம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காதவருக்கு எங்கள் வீட்டில் அன்று காபி கிடையாது. என் கணவர் பலமுறை காபியை இழந்திருக்கிறார்.

மீன் இல்லாமல் கடலூரில் சாப்பாடா? மத்தி, சங்கரா மாதிரிப் பொடிமுள் மீனை அத்தைக்குத் தனியாக வைக்க முடியாது, யாராவது ஆய்ந்து தர வேண்டும். வஞ்சரத் துண்டு என்றால் நடுமுள்தான், அவரே எடுத்துவிடுவார். எல்லாவற்றையும்விட நிம்மதி சுறாப் புட்டு. கூடவே குழம்பு எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று படி 3-ன் கடிகாரக் கணக்கிலேயே சொல்லுங்கள்: "3 மணில பொரியல், 9 மணில அப்பளம் அத்த."

படி 6: மாத்திரை

சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர்பேண்ட், இரவுக்கு இரண்டு என்று மாட்டினோம். வாரப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்பிவிடுவேன். கண் சொட்டுமருந்தை மற்ற குப்பிகளோடு ஒரே இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் சிரிஞ்சில் கோடு பார்ப்பதை அன்றே நிறுத்த வேண்டும். திருகும்போது 'டிக் டிக்' என்று எண்ணக்கூடிய பேனாவுக்கு மாற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

படி 7: படிப்பது, போன்

நடுப்பார்வை போனவருக்குத் தமிழ் படிப்பது தனிக் கஷ்டம். நம் சொற்கள் நீளம், ஒன்றோடு ஒன்று ஒட்டியும் வரும். முதலும் கடைசியும் தெரிந்து நடு விழுங்கப்பட்டுவிடும். ன-வும் ண-வும் ஒன்றாகிவிடும், ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் போய்விடும். வரி தாவுவதைத் தடுக்க ஒரு செலவில்லாத உபாயம்: பழைய காலண்டர் அட்டையைக் கறுப்படித்து, ஒரு வரி தெரியும் அளவுக்கு நீளமாக ஒரு சந்து வெட்டுங்கள். அதைப் பக்கத்தின்மேல் வைத்து இறக்கிக்கொண்டே போகலாம்.

பூதக்கண்ணாடி வாங்குமுன் ஒரு கணக்கு. லென்ஸின் பவரைச் சொல்லும் டயாப்டர் எண்ணால் 100-ஐ வகுங்கள். எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று வரும். 10 டயாப்டருக்கு 10 சென்டிமீட்டர், 20-க்கு 5. பவர் கூடக்கூடத் தெரியும் இடம் சுருங்கும், ஒரு நேரத்தில் நாலு எழுத்துதான். ஆகவே பெரிய பவர்தான் நல்லது என்று எண்ணாதீர்கள். கை நடுங்குகிறவருக்குத் தாளின்மேல் உட்காரும், விளக்கு வைத்த ஸ்டாண்டு லென்ஸ் நல்லது. டி.வி.க்கு லென்ஸே வேண்டாம், நாற்காலியைப் பாதித் தூரத்துக்கு இழுத்தால் படம் இரட்டிப்பாகத் தெரியும். கிட்ட உட்கார்ந்தால் கண் கெடும் என்று இவரை மிரட்டத் தேவையில்லை.

போனில் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் திரையில் இருப்பதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும் வசதி உண்டு. ஓ.டி.பி.யைப் படிக்கச் சொல்லி வழியில் போகிறவரிடம் போனை நீட்டக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

படி 8: பணமும் கையெழுத்தும்

புதிய நோட்டுகள் அளவில் வேறுபடும். 10 ரூபாய் 123 மில்லிமீட்டர் நீளம், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. தாளில் பார்க்கத் தெளிவாக இருக்கிறது, பையில் கசங்கிய பிறகு 142-ஐயும் 146-ஐயும் எந்த விரல் பிரிக்கும்? 20-ம் 200-ம் மங்கிய கண்ணுக்கு ஒரே மஞ்சள். நூறு, இருநூறு, ஐந்நூறு நோட்டுகளின் ஓரத்தில் தடவினால் தட்டுப்படும் கோடுகள் உண்டு, பழைய நோட்டில் அவையும் தேய்ந்துவிடும். அதனால் நாங்கள் மடிப்புக்கு வந்தோம். நூறு ஒரு மடிப்பு, இருநூறு இரண்டு மடிப்பு, ஐந்நூறு நீளவாக்கில். ரிசர்வ் வங்கியின் 'மணி' என்ற செயலி கேமராவில் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் தேவையில்லை. கள்ளநோட்டா என்று சொல்லாது.

கையெழுத்துக்கும் சந்து வெட்டிய அட்டைதான். கோட்டின்மேல் வைத்து, சந்துக்குள் போடச் சொல்லுங்கள். கண் தெரியாதவர் என்பதற்காக செக் புத்தகமோ ஏ.டி.எம். அட்டையோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. ஒரு கிளையில் எங்களைக் கைநாட்டுக்கு மாறச் சொன்னார்கள். அத்தை அட்டையை எடுத்து, அங்கேயே தன் பெயரை முழுதாகப் போட்டுக் காட்டினார்.

படி 9: வெளியே

படிக்கட்டு விளிம்புகளில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். கடைசிப் படிக்கு மட்டும் அடித்தால் போதாது. முன்விளிம்பு வைத்த தொப்பியும் மஞ்சள் கண்ணாடியும் வெயில் கூச்சத்தைக் குறைக்கும். தொப்பியை அத்தை ஒருநாளும் போடவில்லை, முக்காடு போட்டுக்கொள்கிறார், அதுவும் அதே வேலைதான். பஸ் போர்டு தெரியாது, ஏறும்போதே கண்டக்டரைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மொபெட் ஓட்டுகிறவர் என்றால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவியை வாங்கி வைத்துவிடுங்கள், இதில் நாசூக்கு பார்க்காதீர்கள்.

முகம் தெரியாததுதான் மனதை அதிகம் அறுக்கும். பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் நாத்தனார் முறை உறவு ஒருவர் சிரித்தார், அத்தை சிரிக்காமல் போய்விட்டார். மூன்று மாதம் பேச்சில்லை. "பையன் வேலைக்குப் போனதும் கர்வம்" என்று செய்தி வந்தது. அதன்பிறகு சொந்தக்காரர் எல்லாருக்கும் நானே போன் செய்து சொன்னேன்: எதிரில் வந்தால் முதலில் பேரைச் சொல்லிப் பேசுங்கள். வீட்டிலும் அதே பழக்கம். எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், காலி நாற்காலியோடு ஒருவரைப் பேச விடுவது பாவம்.

படி 10: இல்லாதது தெரிந்தால்

ஒரு சாயங்காலம் அத்தை "அந்தச் செவப்புப் பாவாட போட்ட புள்ளைய உள்ள கூப்புடு" என்றார். அங்கே யாருமில்லை. பேய், காற்று, மந்திரிக்க வேண்டும் என்று வீடு கிளம்பியது. கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானாகப் படம் வரைவதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760-ல் எழுதினார், அவர் பெயரிலேயே அந்த நிலை அழைக்கப்படுகிறது. மூளைக்கோளாறு இல்லை. சத்தம் கேட்காது, படம் மட்டும்தான் வரும், அது நிஜமில்லை என்று அவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும். விளக்கைப் போடுங்கள், கண்ணை இடமும் வலமும் சில முறை ஓட்டச் சொல்லுங்கள், மறையும். பேச்சுக் குரலும் கேட்டாலோ குழப்பம் சேர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், அது வேறு காரணமாக இருக்கலாம்.

படி 11: சான்றிதழ்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வைக்கு இடம் உண்டு. கணக்கு, கண்ணாடி போட்டபின் நல்ல கண்ணை வைத்துத்தான். ஒரு கண் மட்டும் போயிருந்தால் சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்தை எட்டாது. எட்டினால் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கடலூர்க்காரர் தமிழ்நாட்டிலும் பாண்டிக்காரர் புதுச்சேரியிலும் போடலாம். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவருக்கு, இப்படி ஒருவரைப் பராமரித்தால் 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

படி 12: கோலம்

இது எந்தக் கையேட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் அத்தை முதலில் கேட்டது இதைத்தான், நான் கடைசியில்தான் செய்தேன். வாசல் சிமென்ட் வெளுத்துப்போய் மாவின் நிறத்திலேயே இருந்தது. அதன்மேல் காவி பூசினோம். விடிந்து வெளிச்சம் வந்தபிறகு, தண்ணீர் தெளித்த ஈரம் காயுமுன் போட்டால் வெள்ளை எடுத்துக் காட்டுகிறது. 15 புள்ளி இப்போது இல்லை, 5 புள்ளி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. இடது கைச் சுண்டுவிரலைப் போட்ட புள்ளிமேல் ஊன்றி, கட்டைவிரல் எட்டும் இடத்தில் அடுத்த புள்ளி. இழையை வலக்கை தானாக ஓட்டிவிடுகிறது. நான் வாசற்படியில் காபியோடு உட்கார்ந்திருப்பேன், புள்ளி விட்டுப்போனாலும் வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை.